சீமைக் கடற்கரையில் மோர்

சிவகாசி அச்சகத்தில் எங்கள் ஜவுளிக்கடைக் காலண்டரின் முதல் தாள் காய்ந்துகொண்டிருக்கிறது. மாதிரிக்கு நான் கொடுத்தது ஒரு சீமைக் கடற்கரைப் படம். நீலக்கடல், மேட்டில் திராட்சைத் தோட்டம், சுற்றிப்பார்க்க வந்த துரைமார்கள் கையில் ஒயின் கோப்பை. தாளில் கோப்பைகள் எல்லாம் வெள்ளையாக இருக்கின்றன.

"ஒயின் எங்கே?" என்கிறேன்.

"மதுவிலக்கு இருக்குல்லா, அண்ணாச்சி? சாராயத்தை வீட்டுச் சுவத்துல மாட்டுவாகளா? செவப்பு மை ஏத்துற அச்சுக்கல்லுல கோப்பையை மட்டும் அழிச்சேன், மோராயிருச்சு" என்கிறார் ஓவியர்.

மறுபடி வரையச் சொன்னால் பொங்கலுக்குள் காலண்டர் வராது. இருந்தாலும், பீப்பாயில் சாய்ந்து வாய்பிளந்து கிடக்கும் துரையைக் காட்டுகிறேன். "அப்ப இவரு?"

ஓவியர் குனிந்து பார்க்கிறார்.

"வெயிலுக்கு மோரு குடிச்சா உறக்கம் வரத்தானே செய்யும்?"