எட்டாம் இலக்க ஜேர்சி

ஆட்டக்காரரைக் கேட்காமலே அவரைத் தன் கழகத்தில் சேர்த்துக்கொண்ட மடையன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பந்து என் காலில் பட்டால் எந்தப் பக்கம் போகும் என்று எனக்கும் தெரியாது, பந்துக்கும் தெரியாது. ஆகையால் மைதானத்துக்கு வெளியே நின்று கத்துவதும், என் தையற்கடையில் எங்கள் கழகத்துக்கு ஜேர்சி தைப்பதுமே என் கால்பந்து.

யுத்த காலம். ஊரடங்குக்கு முன் எல்லோரும் வீடு சேர வேண்டும் என்பதால் திருகோணமலையில் உச்சி வெயிலிலேயே ஆட்டத்தைத் தொடங்கிவிடுவார்கள். எங்கள் கழகம் எந்தச் சுற்றுப்போட்டியிலும் முதல் ஆட்டத்தோடு வீட்டுக்குப் போய்விடும். அந்த வகையில் நாங்கள் சட்டத்தை மதிக்கிறவர்கள். குறை முழுக்க நடுக்களத்தில். அங்கே நிற்பவர்கள், சீனன்குடாவில் இறங்கும் விமானத்தைப் பார்ப்பதுபோல, தலைக்கு மேலே போகும் பந்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு தடவையாவது இரண்டாவது ஆட்டம் வரை போக வேண்டும். அந்த நாளில் எனக்கிருந்த பெரிய ஆசை அதுதான்.

அப்போதுதான் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரர் கதையைக் கொண்டுவந்தார்.

"கேட்டனீங்களோ? கிண்ணியாப் பொடியன் எங்கட பக்கம் ஆட வரப்போறானாம்."

"எந்தப் பொடியன்?"

"நடுவில நிண்டு போன வருசம் எங்களை அழ வைச்சவன்."

"ஆர் சொன்னது?"

"பாதையில வந்த ஆக்கள் கதைச்சவை."

பாலம் இல்லாத அந்தக் காலத்தில் கிண்ணியாவுக்கு ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடக்கும் மிதவைதான் பாதை. அதில் ஏறும் கதை கரை சேர்வதற்குள் பருத்துவிடும். தெரிந்தும் நம்பினேன்.

அந்தக் கிழமையே அந்தக் கிண்ணியா ஆட்டக்காரர் என் கடை வாசலில் வந்து நின்றார்.

"அண்ணன், அளவெடுக்கணும். திங்கட்கிழமை வருவன், கட்டாயம் தந்திரணும்."

எங்கள் கழகத்தில் சேர்வதற்குக் கையெழுத்து ஒன்றும் கிடையாது. என் கடைக்கு வந்து அளவு கொடுத்தால் அவர் எங்கள் ஆள், அதுதான் வழக்கம். பாய்ந்து அளவுநாடாவை உருவினேன். தோள், நெஞ்சு, இடுப்பு எல்லாம் எடுத்தேன். காலைக் கணுக்கால்வரை அளக்கச் சொன்னார். ஏன் என்று நான் யோசித்திருக்கலாம். யோசிக்கிறவன் எங்கள் கழகத்துக்கு ரசிகனாக இருப்பானா? ஒரு துணிப் பொதியையும் மேசையில் வைத்துவிட்டுப் பாதையைப் பிடிக்க ஓடினார். அது பெருநாள் உடுப்புக்காக்கும், ஆறுதலாகத் தைக்கலாம் என்று தட்டில் ஏற்றி வைத்தேன்.

நீலத் துணியில் ஜேர்சி தைத்து, முதுகில் வெள்ளைத் துணியால், நடுக்களத்து ஆளுக்குரிய எட்டு என்ற இலக்கத்தை வெட்டி ஒட்டித் தைத்தேன். தேத்தண்ணிக் கடைக்காரர் தடவிப் பார்த்தார்.

"வடிவாய் இருக்கு. எங்கட பொடியளுக்கு மட்டும் கையைக் கோணலாத் தைச்சனீங்கள்."

"அவங்கட ஆட்டத்துக்கு அது காணும்."

திங்கட்கிழமை மத்தியானம் அவர் வந்தார். ஜேர்சியை உதறி விரித்தேன். அவர் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"இது என்ன அண்ணன்?"

"உங்கட ஜேர்சி, தம்பி. சனிக்கிழமை முதல் மேட்ச்."

"என்ட உடுப்பு எங்க? விடிஞ்சா கொழும்புக்குப் போறன், அங்க இருந்து சவூதி. இருக்கிற களிசான் முழங்காலில கிழிஞ்சு போய்க் கிடக்கு!"

தட்டில் பொதி கட்டு அவிழ்க்காமல் இருந்தது. வாசலில் நின்ற தேத்தண்ணிக் கடைக்காரர் ஏதோ தன் அடுப்பில் பால் பொங்குகிறது என்பதுபோல மெல்ல நழுவினார்.

"சட்டை கிடக்கட்டும்," என்றார் ஆட்டக்காரர். "களிசானையாவது தாங்க. கடைசிப் பாதை போனா நான் ராவைக்கு வீட்ட போக ஏலாது."

நீளக் காற்சட்டைக்குத் துணியை வெட்டி மெஷினில் குந்தினேன். அவர் கதிரையில் இருந்து, றோட்டையும் என் கால் மிதிக்கும் வேகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். ஜேர்சியை அழகாய் மடித்து மடியில் வைத்திருந்தார். அந்த மடிப்பைக் கண்டதும் எனக்குள் கிடந்த ஆசை மறுபடியும் எழும்பிவிட்டது. ஒரு கால் தையல் முடிந்ததும் மெஷினை நிறுத்தினேன்.

"தம்பி, சவூதியில லீவு எப்ப தருவாங்கள்?"

"ரெண்டு வருசத்தால."

"அப்ப வரேக்க எங்களுக்கு ஒரு மேட்ச்..."

"மத்தக் காலைத் தைங்க, அண்ணன்."