பதிலுக்கு விட்ட இடம்

என் முதல் கேசட்டை வாங்கியவர்கள் பாதி நேரம் ஒன்றையுமே கேட்கவில்லை. பொய் இல்லை. நான் ஓர் அடி பாடுவேன். பிறகு அதே அளவு நேரத்துக்குக் கொர்ரென்று டேப் மட்டும் ஓடும். மறுபடி ஓர் அடி, மறுபடி கொர்ர். இரண்டு பக்கமும் இப்படித்தான். இன்றைக்கு யாராவது வந்து, அந்தக் காலத்தில் எப்படிப் பதிவு செய்தீர்கள் என்று கேட்டால் எனக்கு முதலில் சிரிப்புதான் வருகிறது. அப்புறம் என் நாத்தனார் ஞாபகத்துக்கு வருவாள். சிரிப்பு இன்னும் கூடிவிடும்.

ஜவ்வாது மலையில் புதூர்நாட்டுப் பக்கம் எங்கள் ஊர். சாமைக் கொல்லையில் களை எடுக்கும்போது பாடுவோம். இன்று உன் கொல்லை, நாளை என் கொல்லை என்று ஆள் மாற்றிக்கொண்டு எடுப்பதுதான் வழக்கம். பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்திருப்போம். இந்த ஓரத்தில் ஒருத்தி ஓர் அடி எடுத்துவிட்டால், அந்த ஓரத்தில் இருப்பவள் பதில் கட்ட வேண்டும். பதிலை முன்கூட்டியே யாரும் பேசி வைத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த நொடியில் அவள் வாயில் என்ன வருகிறதோ அதுதான் பதில். எடுப்பது நான். கட்டுவது என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் தங்கை, ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவள். என்னைவிட நாலு வயது சின்னவள்; வாய் மட்டும் நாற்பது வயது மூத்தது.

ஒரு நாள் நல்ல தூறலில் நான் இப்படி எடுத்தேன்:

"மேட்டுக் கொல்ல நனஞ்சிருச்சி, மேலு காலு நடுங்கிருச்சி,
ஒங்கண்ணன் வாங்கித் தந்த சீல இன்னும் ஒலரலியே!"

நான் மூச்சை இழுப்பதற்குள் அங்கிருந்து வந்தது:

"ஒலராத சீலையத்தான் ஒதறிப் புடி அண்ணி,
எங்கண்ணன் கோவத்துல காட்டு, ஒரு நொடியில காஞ்சிடும்!"

அந்த அண்ணன், அதாவது என் வீட்டுக்காரர், அப்போது வரப்பில்தான் நின்றிருந்தார். முறைக்கப் பார்த்தார், முடியவில்லை, அவரும் சிரித்துவிட்டார். அவளோடு பாடினால் இடுப்பு வலியே தெரியாது. கொல்லை முடிந்துவிட்டதே என்று வருத்தமாக இருக்கும்.

எண்பதுகளில் ஒரு வருடம், ஆடித் திருவிழாவுக்கு மைக் செட் கட்டத் திருப்பத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். கீழே கடைவீதியில் கேசட்டுக் கடை வைத்திருந்தவர். திருவிழா முடிந்த மறுநாள் காலை, புளியமரத்தில் கட்டிய ஸ்பீக்கரை அவிழ்க்க ஏறியவர், பக்கத்துக் கொல்லையில் நாங்கள் பாடுவதைக் கேட்டு மரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். இறங்கி நேராக என்னிடம் வந்தார்.

"யம்மா, இத்த கேசட்டு போடலாம்மா. நாளைக்கி ஜீப்புல திருப்பத்தூர் வந்துடு."

"நாங்க ரெண்டு பேருங்க," என்றேன்.

"ஒரு கொரலு போதும்மா. ரெண்டு பேரு கத்துனா மைக்கு இரையும். நீ மட்டும் வா."

நாத்தனார் அப்போது குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தாள். இன்னா அண்ணி, அந்தாளு இன்னா சொல்றான் என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? மறந்துவிட்டேன், நேரமில்லை என்று ஆயிரம் சாக்குச் சொல்லலாம். உண்மை என்னவென்றால், ஒரு கொரலு போதும் என்று அவர் சொன்னபோது என் தலை கொஞ்சம் கனத்துவிட்டது. மறுநாள் விடியலில் யாரிடமும் சொல்லாமல் ஜீப் ஏறினேன்.

அவர் கடைக்குப் பின்னால் ஓர் அறை. சுவர் முழுக்கச் சாக்கும் பழைய கம்பளியும் ஆணி அடித்துத் தொங்கவிட்டிருந்தார். சத்தம் கேட்கும் என்று மின்விசிறியையும் நிறுத்திவிட்டார். மலைக்காரிக்குக் கீழ்நாட்டு வெயிலே ஆகாது. இதில் கம்பளி வேறு! ஆடு மாதிரி வேர்த்து நின்றேன். பாட்டு எத்தனை நிமிடம் வரும் என்று கேட்டார். கொல்லை எவ்வளவு பெரிசு என்று நான் கேட்டேன். தலையில் கை வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார்.

முதல் அடியைப் பாடினேன். நிறுத்தினேன். காத்திருந்தேன். அடுத்த அடிக்கு வாயைத் திறக்கும்போது அவர் டேப்பை நிறுத்திவிட்டார்.

"இன்னாம்மா, நடுவுல நிறுத்திட்ட?"

"அது அவ எடங்க."

"எவ எடம்?"

"எங்க நாத்தனாரு. அவ பதில் கட்டணும்."

"அவங்கதான் இல்லியே! நீயே சேத்துப் பாடிடு."

பாடிப் பார்த்தேன் ஐயா, சாமி சத்தியமாகப் பார்த்தேன். என் அடி முடிந்ததும் வாய் தானாக மூடிக்கொள்கிறது. அவள் என்ன சொல்வாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? கடைசியில் அவர், "சரி, நீ ஒன் வழியில பாடு. அந்த எடத்துல ஆர்மோனியம் போட்டுக்கறேன்," என்றார். அவர் அழைத்து வந்த ஆர்மோனியக்காரரோ கேசட்டைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, இந்த அம்மா ஒவ்வொரு அடிக்கும் ஒரு படி மேலே ஏறுகிறார், என் பெட்டி அவ்வளவு உயரம் போகாது என்று மூடிக்கொண்டு போய்விட்டாராம். அதற்குள் அட்டை அச்சாகிவிட்டது. அப்படியே போட்டுவிட்டார்.

அட்டையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அதில் சிவப்பாக, காதில் பெரிய ஜிமிக்கியோடு ஒரு பெண் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். என் வீட்டுக்காரர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏம்மே, இது யாரு?" என்றார். நான்தானாம் என்றேன். "இவங்கள எனக்கு முன்னாடியே காட்டியிருக்கலாமே," என்றார். அன்றைக்கு அவருக்குச் சோறு தாமதமாகத்தான் கிடைத்தது.

ஆனால் வீட்டில் கேசட்டைப் போட்டுக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு கொர்ரிலும் அவள் இல்லை. நான் ஜீப் ஏறிய விஷயம் அன்று மாலையே அவளுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. ஓடைக்கு அந்தக் கரையில் நின்று, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்:

"தனியா பாடிட்டியாமே அண்ணி! இனிமே தனியாவே பாடிக்க!"

அவ்வளவுதான். என் கொல்லைக் களைக்கு வர வேண்டியவள் வரவில்லை. ஆள் மாற்றம் என்பது தவறக்கூடாது. அதனால் தன் வீட்டுக்காரரை அனுப்பினாள். பாவம், அந்த மனுஷன் சாமைக்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாமல் இரண்டையும் பிடுங்கி வைத்தார். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. அவள் கொல்லைக்கு நானும் என் வீட்டுக்காரரை அனுப்பினேன். திருவிழாவில் எதிரே வந்தால் அவள் கோயில் கோபுரத்தைப் பார்ப்பாள், நான் வளையல் கடையைப் பார்ப்பேன். எங்கள் கோயிலுக்குக் கோபுரமே கிடையாது.

இதற்கிடையில், தன் பிழைப்பில் மண் விழுந்தது என்று புலம்பிக்கொண்டிருந்த கடைக்காரர் மாசி மாதம் தானே ஜீப் பிடித்து மலையேறி வந்தார். வாயெல்லாம் பல்.

"யம்மா, கேசட்டு தீந்து போச்சிம்மா! நெல்லிவாசல்ல கேக்கறாங்க, செங்கத்துல கேக்கறாங்க. ஒண்ணு சொல்லு, நீ தெரிஞ்சிதான் அப்டி பாடுனியா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சொல்லித்தான் தெரிந்தது. குடகுக் காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போய்வந்தவர்கள் ஊருக்கு ஊர் ஒரு டேப் ரெக்கார்டர் வாங்கி வந்திருந்தார்கள். அதில் என் கேசட்டைப் போட்டால் நான் ஓர் அடி பாடுவேன். இடம் வரும். சும்மா இருப்பார்களா எங்கள் ஆட்கள்? கேட்டுக்கொண்டிருப்பவர்கள் பதில் கட்டினார்கள். ஓர் ஊரில் மாமியாரைத் திட்டிக் கட்டினார்கள். இன்னோர் ஊரில் வராத பஸ்ஸைத் திட்டிக் கட்டினார்கள். ஒரு கல்யாணத்தில் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் முறை வைத்துக்கொண்டு கட்டி, பந்தியே ஆறிப்போனதாம். ஒரு தடவை சந்தைக்குப் போகிற ஜீப்பில் நானே உட்கார்ந்திருந்தேன். என் பாட்டுக்கு ஜீப்பே பதில் பாடியது. பாடுவது இன்னார் என்று யாருக்கும் தெரியாது. அட்டையில் இருப்பவள் நான் இல்லையே! சந்தோஷம் தாங்காமல் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

மலையெல்லாம் பதில் கட்டியது. ஒருத்தி மட்டும் கட்டவில்லை. அவளுடைய வீட்டுக்காரரை வழியில் மறித்துக் கேட்டேன்.

"அண்ணா, அவ கேசட்டு கேட்டாளா?"

"வூட்ல டேப்பு இருக்குது தங்கச்சி. நான் போட்டா அவ வெளிய பூடறா."

எத்தனை கேசட்டு விற்றால் என்ன, அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் சப்பென்று ஆகிவிட்டது.

மறு வருடம் ஆவணியில் மீண்டும் களை வந்தது. அவள் கொல்லைக்கு ஆள் போக வேண்டிய நாள். என் வீட்டுக்காரர் பாயைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.

"ஒங்க ரெண்டு பேரு சண்டைக்கு என் இடுப்பா கெடச்சிது? நீயே போ!"

வேறு வழியில்லை, போனேன். கால் முன்னால் போனால் மனசு பின்னால் இழுத்தது. வேலியை நெருங்கும்போது என் குரலே எனக்குக் கேட்டது. பலாமரக் கிளையில் டேப் ரெக்கார்டர் தொங்கியது. மாட்டியது அவள் வீட்டுக்காரர்தான். கொல்லையில் இருந்ததால் இந்தத் தடவை அவளால் வெளியே போக முடியவில்லை போலும். பெண்கள் ஆளுக்கொரு பதில் கட்டிக் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் அந்த ஓரத்தில் தலை நிமிராமல் களையைக் கொத்திக்கொண்டிருந்தாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டேன். கேசட்டில் நான் பாடினேன்:

"ஓடையோரம் பலா பழுத்தா அணிலுக்கு யாரு சொன்னா?
ஒசரக் கெளையில கனிஞ்ச வாசம் ஊருக்கு யாரு சொன்னா?"

இடம் வந்தது. யாரும் வாய் திறப்பதற்குள், ஒரு வருடமாக நான் கேட்காத குரல் எழுந்தது:

"அணிலுக்குச் சொன்ன வாயி, ஊருக்குச் சொன்ன வாயி,
அடிமரத்துல நின்ன எனக்கு ஒரு வார்த்த சொல்லலியே!"

குனிந்திருந்த பெண்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள். வேலியோரம் நான் நிற்பதைப் பார்த்துவிட்ட அவள் வீட்டுக்காரர் டக்கென்று டேப்பை நிறுத்தினார். எனக்குக் கண்ணெல்லாம் தண்ணீர். ஆனாலும் வாய் நின்றால்தானே!

"சொல்லாமப் போனது குத்தந்தான், சொமந்துக்கிட்டு நிக்கறேன்,
நீ திங்கற சுளைய மட்டும் தொடாம வெச்சிருக்கேன்!"

பாடிவிட்டு நின்றேன். இப்போது கொர்ரென்ற சத்தம்கூட இல்லை. அவள் மெதுவாக நிமிர்ந்தாள். மண் கையால் மூக்கைத் துடைத்தாள். மூக்கெல்லாம் சேறு.

"வர்ற நேரமா இது? ஒன் வரிசையில புல்லு நிக்குது பாரு. வந்து குனி."

ஓடிப்போய்க் குனிந்தேன். அன்றைக்கு நாங்கள் பாடியதை எந்த மைக்கும் பிடித்திருக்க முடியாது. கஞ்சி குடிக்க உட்கார்ந்தபோது என் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டாள்.

"நெஜமா சொல்லு அண்ணி. எனக்காவா எடம் வுட்ட?"

ஆமாம் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. ஏற்கெனவே ஒரு தடவை மறைத்துப் பட்டது போதாதா?

"இல்லம்மே. ஒன் அடி எனக்கு வராது. வாயி தானா நின்னுடுச்சி."

விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்டி சொல்லு! ஆமான்னு சொல்லியிருந்தா இந்தக் கஞ்சிய ஒன் தலையிலயே ஊத்தியிருப்பேன்."

இரண்டாவது கேசட்டுக்கு இரண்டு பேரும் போனோம். கடைக்காரர் இரண்டு மைக் வைத்திருந்தார். முதல் பக்கம் முழுக்க நான் எடுக்க அவள் கட்ட, தண்ணீர் குடிக்கக்கூட நிறுத்தவில்லை. கடைக்காரர் குளிர்ந்துபோய் எங்களுக்குச் சோடா வாங்கிக் கொடுத்தார். இரண்டாம் பக்கம் ஆரம்பித்தது. நான் ஓர் அடி பாடி அவளைப் பார்த்தேன். அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். டேப் ஓடுகிறது; கடைக்காரரால் பேசவும் முடியாது. கையை ஆட்டுகிறார், வாயைக் காட்டுகிறார், கும்பிடுகிறார். இவளோ கண்ணை மூடிக்கொண்டு, ஒரு பதிலுக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் என் முழங்காலில் தாளம் தட்டிவிட்டு, ம், அடுத்தது என்பதுபோல் தலையசைத்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு பாடினேன்.

பாட்டு முடிந்ததும் அவர் வெடித்தார். "இன்னாம்மா இது? இந்தத் தடவதான் ரெண்டு பேரும் வந்துட்டீங்களே! இன்னும் யாருக்கு எடம்?"

"போன தடவ நான் வர்லீங்க. எனக்கு எடம் இருந்திச்சி," என்றாள் அவள். "இந்தத் தடவ வராதவங்க எத்தினி பேரு இருக்காங்க!"

அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மறுபடி பொத்தானை அழுத்தினார். நான் அடுத்த பாட்டை எடுத்தேன்.