செல்வியைச் சுற்றிப் போன படகு

எழுதிப் பழக்கமில்லாதவள் நான். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். எழுத்துப் பிழை இருக்கும். மறதியில் முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லியிருப்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போது நம் பிள்ளைகள் நிறையப் பேர் ஹோட்டல், கெஸ்ட் ஹவுஸ் வேலைக்குப் போகிறார்கள். முன்பு அந்த வேலை செய்தவர்கள் தெரிந்ததை எழுதிக் கொடுத்தால் உதவியாக இருக்கும் என்று வாசிகசாலை டீச்சர் கேட்டார். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. எழுதுவது அதைவிடப் பரவாயில்லை.

1. பஸ்ஸிலிருந்து தொடங்கியது

எல்கடுவைக்கு மேலே எங்கள் தோட்டத்துப் பழைய துரை பங்களாவை, போர் நிறுத்தம் வந்த காலத்தில் கெஸ்ட் ஹவுஸ் ஆக்கினார்கள். என் பெயர் ராக்கம்மா. எனக்குக் குசினியில் சமையல் வேலை. என் வீட்டுக்காரர் ஆறுமுகம் படகு ஓட்டினார். படகு ஃபைபரில் செய்தது, பின்னால் எஞ்சின் வைத்தது.

பங்களாவுக்குக் கீழே மலைகளுக்கு நடுவில் ஒரு குளம். அது தானாக வந்த குளம் இல்லை. ஓடையை மறித்து அணை கட்டியதால் நின்ற தண்ணீர். அந்தத் தண்ணீருக்கு அடியில்தான் எங்கள் பணியக் கணக்கு இருந்தது. தோட்டத்தின் கீழ்ப் பிரிவை அப்படித்தான் சொல்வோம். நாங்கள் குடியிருந்த லயங்கள், மாரியம்மன் கோயில், மயானம் எல்லாமே தண்ணீருக்குள் போயின. அம்மன் சிலையை மட்டும் மேலே தூக்கி வந்தார்கள்.

மனேஜர் சார் சிங்களவர், கண்டிப் பக்கம். தோட்டத்திலேயே வளர்ந்தவர் என்பதால் எங்கள் தமிழ் நன்றாகப் பேசுவார். அவருக்கு ஒரு யோசனை வந்தது.

"மாத்தளையில இருந்து வேன்ல வர்றவங்கள வந்த வழியே திருப்பி அனுப்பினா அதுல என்ன இருக்கு? இங்க படகுல ஏத்தி, அக்கரையில பஸ்ல ஏத்தி விட்டா, ஊருக்குப் போய் வாய் ஓயாம சொல்லுவாங்க" என்றார்.

அக்கரை ரோட்டில் ஒரு பிரைவேட் பஸ்தான் ஓடியது, மத்தியானம் ஒரு தடவை. டிரைவர் பண்டா ஐயா. சார் ரோட்டு வழியாகச் சுற்றி வேனில் அவரிடம் பேசப் போனபோது, அவருக்குக் கொடுக்கச் செய்த பலகாரப் பெட்டியோடு நானும் கூடப் போனேன்.

"மாத்தயா, நான் எவ்வளவு நேரமும் நிப்பேன். நான் பாவம் பார்ப்பேன், செக் பாயிண்ட் பாவம் பார்க்காதே" என்றார் பண்டா ஐயா. "பிந்திப் போனா எல்லாரையும் இறக்கி, பேக் எல்லாம் கிண்டி, ஐடென்டிட்டி கார்ட் பார்த்து விட இருட்டிரும். பஸ்ல பச்சைப் பிள்ளைங்க இருக்கு."

அவர் சொன்னது நியாயம். போர் நின்றது என்று ரேடியோ சொன்னாலும் அந்த செக் பாயிண்டை எடுக்கவில்லை. நம் ஆட்களில் ஐடென்டிட்டி கார்ட் இல்லாதவர்கள் அப்போது நிறைய.

அதனால் சார் பயணத்தைக் கடைசியிலிருந்து போட்டார். பஸ் கிளம்பும் நேரம் முதலில். அதற்கு முன்னால் படகு, அதற்கு முன்னால் துறைக்கு இறங்கும் படிகள், அதற்கு முன்னால் காலைச் சாப்பாடு. இந்த வேலைக்குப் போகிற பிள்ளைகள் இதைப் பிடித்துக்கொள்ளுங்கள். முடிவில் காத்திருக்காத ஒன்று இருந்தால் அதிலிருந்து தொடங்க வேண்டும்.

2. தண்ணீரில் போட்ட வளைவு

முதல் கெஸ்ட்கள் வயதான வெள்ளைக்காரத் தம்பதி. நானும் ஃபிளாஸ்க்கோடு படகில் போனேன். என் வீட்டுக்காரர் துறையிலிருந்து நேராகப் போகவில்லை. இடது கரையோரமாக ஒதுக்கி, பெரிய வளைவாகச் சுற்றிக் கொண்டுபோனார். ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

நாங்கள் அக்கரை சேர்ந்தபோது பஸ் போய், அதன் சத்தம் அடுத்த மலையில் கேட்டது.

தம்பதியைத் திரும்பக் கூட்டி வந்தோம். சார் அவர்களிடம் சிரித்த முகமாகப் பேசி உட்கார வைத்துவிட்டுக் குசினிப் பக்கம் வந்தார்.

"ஆறுமுகம், தண்ணியில யாரு உங்களுக்கு வளைவு போட்டது? பி.டபிள்யூ.டி.யா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு, "நேரா போக முடியாதுங்க சார்" என்றார்.

"பாறை கீறை இருக்கா?"

"இல்லைங்க."

"அப்புறம் என்ன?"

"போக முடியாதுங்க."

"எஞ்சின் எண்ணெய வழியில யாருக்காவது விக்கிறீங்களா?"

"ஐயோ இல்லைங்க சார்."

"சரி. நேரா போக முடியாதுன்னா நாளையில இருந்து வேற ஆள் ஓட்டட்டும். நான் என்ன செய்ய?"

என் வீட்டுக்காரர் அப்படிப்பட்ட மனிதர். வேலை போனால் போகட்டும் என்று நிற்பார், வாயைத் திறக்க மாட்டார். எனக்கும் வாய் வராதுதான். ஆனால் வேறு ஆள் ஓட்டினால் படகு தினமும் நேராகப் போகும். அதை நினைத்ததும் கதவோரம் நின்றபடியே சொல்லிவிட்டேன்.

"எங்க பிள்ளை அங்கதாங்க சார் இருக்கா."

செல்வி எங்கள் மூத்தவள். பாண் ரொட்டிக்கும் மாவுக்கும் பஞ்சம் வந்ததே, தோட்டத்தில் மரவள்ளிக் கிழங்கும் கிடைக்காத காலம், அப்போது வயிற்றோட்டம் கண்டு மூன்று வயதில் போய்விட்டாள். மயானத்தில் கல் நட எங்களிடம் வழியில்லை. வீட்டில் உடைந்து கிடந்த அம்மியில் பாதியைத் தூக்கிக்கொண்டுபோய்த் தலைமாட்டில் வைத்தார் அவர். சில வருஷம் கழித்துக் குளம் வந்தது.

சார் அங்கிருந்த பலகையில் உட்கார்ந்தார்.

"பிள்ளையைத் தாண்டக் கூடாதுங்க சார்" என்றேன். "படுத்திருக்கிற பிள்ளைய யாராவது தெரியாமத் தாண்டிட்டா, திரும்பியும் தாண்டணும். இல்லாட்டி வளராதுன்னு சொல்லுவாங்க. இவ இனிமே எங்க வளரப் போறா. எனக்கும் அது தெரியும். ஆனாலும் மனசு கேக்குதில்லைங்க."

அவ்வளவு நீளமாக நான் அவரிடம் பேசியது அன்றுதான். சார் என் வீட்டுக்காரரிடம் திரும்பினார்.

"இத முதல்லயே சொன்னா என்ன? நான் என்ன புலியா, சிங்கமா?"

"ரெண்டும் வேணாங்க சார், வெளிய ஆமிக்காரன் நிக்கிறான்" என்றார் இவர். வாய் திறக்காத மனிதர் அந்த நேரம் பார்த்து இப்படிச் சொன்னார். சாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வளைவு முடியிற இடத்துல பார்க்க என்ன இருக்கு?"

"அருவி ஒண்ணு முழுசா தெரியும் சார். நேரா போனா தெரியாது."

"அப்போ அங்க எஞ்சின நிப்பாட்டுங்க. ராக்கம்மா அங்க தேத்தண்ணி ஊத்திக் குடுக்கட்டும். வளைவு இருக்கட்டும், நாம முந்திக் கிளம்புவோம்." என்னைப் பார்த்து, "வேலை உங்களுக்குத்தான் கூடுது. ரொட்டிய விடிய முன்ன சுடணுமே" என்றார்.

"சுடுறேங்க" என்றேன்.

அதன் பிறகு ஒரு நாளும் பஸ்ஸைத் தவற விட்டதில்லை. வளைந்து போய், எஞ்சினை நிறுத்தி, அருவியின் சத்தம் மட்டும் கேட்கும் இடத்தில் நான் தேத்தண்ணி ஊற்றுவேன். கெஸ்ட்கள் அதிகம் படம் பிடித்தது அங்கேதான். அவர்களை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, வெறும் படகில் நாங்கள் இருவரும் அதே வழியாகத் திரும்புவோம். வளைவின் காரணத்தை சார் யாரிடமும் சொல்லவில்லை. கதையாகச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்கள். அவர் சொல்லவில்லை.

3. தண்ணீர் இறங்கிய வருஷம்

ஒரு வருஷம் மழை இல்லை. குளம் இறங்கி, துறைக்குக் கீழே வெறும் சேறாகிப் படகு தரை தட்டியது. பயணத்தை நிறுத்தினார்கள். பணியக் கணக்குக் கோயிலின் படிக்கட்டு வெளியே தெரிகிறது என்று கேள்விப்பட்டு நாங்களும் இறங்கிப் போனோம். நான் சூடமும் கொஞ்சம் பூவும் எடுத்துக்கொண்டேன்.

நாங்கள் எப்போதும் சுற்றிப் போன இடத்துக்கு நேராக நடந்தோம். அங்கே பட்டுப்போன தேயிலை அடிக்கட்டைகள்தான் வரிசையாக நின்றன. மயானம் இல்லை.

"இங்கதானே?" என்றேன்.

"பலாமரத்துக்கு நேர் கீழ" என்று மேலே கைகாட்டினார்.

மயானத்துப் பக்கம் மேல் சரிவில் முன்பு தள்ளித் தள்ளி இரண்டு பலாமரங்கள் இருந்தன, கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. செல்வியைக் கிழக்கு மரத்துக்கு நேர் கீழே அடக்கம் செய்தோம். குளம் வந்தபோது எங்களை வேறு தோட்டத்துக்கு அனுப்பினார்கள். தமிழ் ஆட்களை அடித்த கலவரத்துக்குப் பிறகு அங்கேயும் இருக்கப் பயந்து, கலேவெலப் பக்கம் மிளகாய்த் தோட்டங்களில் கூலிக்கு நின்றோம். பல வருஷம் கழித்து இங்கே திரும்பியபோது ஒரு மரம்தான் நின்றது. நின்றதைக் கிழக்கு மரம் என்று இருவருமே எடுத்துக்கொண்டோம். தண்ணீர் வந்து மலையின் உருவமே மாறியிருந்ததால் சந்தேகம் வரவில்லை.

அவர் மேலே ஏறிப் புதருக்குள் தேடினார். கொஞ்ச தூரம் தள்ளி, வெட்டின பலாமரத்தின் அடி இருந்தது. அதுதான் கிழக்கு மரம்.

அதற்கு நேர் கீழே இறங்கி நடந்தோம். சேற்றில் கருப்பாக ஒரு கல். பக்கத்தில் போகாமலே எனக்குத் தெரிந்துவிட்டது. மிளகாய் அரைத்து அரைத்து நடுவில் குழிந்த என் அம்மி.

நிமிர்ந்து பார்த்தேன். எதிரே அருவி முழுசாகத் தெரிந்தது. மழை இல்லாததால் நூல் மாதிரி விழுந்துகொண்டிருந்தது.

நாங்கள் எஞ்சினை நிறுத்திய இடம் அது. நான் தேத்தண்ணி ஊற்றிய இடம்.

"இத்தனை நாளும் இவ மேலயாங்க போனோம்?" என்று கேட்டேன். அவர் சேற்றைக் கையால் வழித்து அம்மியைச் சுத்தம் செய்தார். நான் சூடம் ஏற்றினேன். கல்லை எடுத்துக்கொண்டு போகலாமா என்றேன். "அது அவளோடது" என்றார்.

அன்றிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. ரொட்டி தட்டும்போதுகூட அதுதான் ஓடும். எதைச் செய்யக் கூடாது என்று இவர் வேலையையே விடத் துணிந்தாரோ, அதையே நாங்கள் தினமும் செய்திருக்கிறோம்.

4. கடைசிப் பயணம்

மழை வந்து குளம் நிறைந்தபோது மறுபடி சண்டை தொடங்கி நாடு கெட்டுப் போயிருந்தது. கெஸ்ட்கள் வரவில்லை. படகை விற்றுவிட்டார்கள். பங்களாப் பக்கம் படிகள்தான், லொறி இறங்க வழியில்லை. அதனால் அக்கரையில் லொறி நிற்கும், படகை அங்கே கொண்டுவர வேண்டும் என்று ஏற்பாடு.

சார் முன்னால் உட்கார்ந்தார். நான் பழக்கத்தில் ஃபிளாஸ்க்கோடு ஏறினேன். இவர் இடது பக்கம் ஒதுக்கவில்லை. வலது கரைக்குத் திருப்பினார்.

"ஆறுமுகம், வழி மாறுதே?"

"இதுதாங்க சார் சரியான வழி. முந்திப் போனது பிழை. தண்ணி வத்தினப்பதான் பார்த்தோம்."

சார் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வேறு எதுவும் கேட்காமல் போனை எடுத்து லொறிக்காரரிடம், "நாங்க வரக் கொஞ்சம் பிந்தும். நீங்க நில்லுங்க" என்று சிங்களத்தில் சொன்னார்.

நாங்கள் முன்பு நிற்கும் இடம் இடது கை பக்கம் தள்ளித் தெரிந்ததும், இவர் எஞ்சினை நிறுத்தித் துடுப்பை எடுத்தார். துடுப்புப் போட்டுக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"ராக்கு, நீ அதையே நினைச்சுக்கிட்டு இருக்க. போறப்ப தாண்டினோம். வர்றப்ப அதே வழியா திரும்பத் தாண்டினோம். ஒரு நாளாவது படக அக்கரையில விட்டுட்டு வந்திருக்கோமா?"

யோசித்துப் பார்த்தேன். இல்லை. ஒரு நாளும் விடவில்லை.

"இன்னைக்குத்தான் படகு திரும்பாது. அதுதான் சுத்திப் போறேன்" என்றார்.

அக்கரையில் படகை லொறியில் ஏற்றினார்கள். நாங்கள் பண்டா ஐயாவின் பஸ்ஸில் ஏறி, செக் பாயிண்டில் இறங்கி நின்று, மாத்தளை வழியாக வீடு வந்தோம். அன்று இரவு நான் தூங்கினேன்.

நான் கற்றது இவ்வளவுதான். ஒரு இடத்தில் வழி போடுகிறவர்கள் அங்கே முன்பு இருந்தவர்களைக் கேட்க வேண்டும். அவர்களுக்கும் பிழை வரும், எங்களுக்கு வந்தது. ஆனாலும் சார் அன்று கொடுத்த வளைவு வீண் இல்லை. அது இடத்துக்காகக் கொடுத்தது இல்லை, எங்களுக்காகக் கொடுத்தது.

என் வீட்டுக்காரர் இப்போது இல்லை. என் கால்களுக்கு அந்தப் படிகள் இனி ஆகாது. தண்ணீர் இறங்கியது போர் நிறுத்தம் முறிவதற்கு முந்திய வருஷமா, அதற்கும் முன்பா என்று எனக்கு நிச்சயமில்லை. கிழக்கு, மேற்கு என்று எழுதியதும் சரிதானா தெரியவில்லை. தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள். குளம் இன்னொரு தடவை வற்றினால், யாராவது இறங்கிப் போய் அம்மி அங்கே இருக்கிறதா என்று பார்த்து எனக்குச் சொல்லுங்கள். பார்க்கப் போகிறவர்கள் கொஞ்சம் சுற்றிப் போங்கள்.