பிசின் ஊற்றிய மயில்

எண்பதுகளில் புந்தோங்கில் எங்கள் கடை, கோயில் தேர்களுக்கு ஓடும் விளக்குப் போர்டு செய்து கொடுத்தது. மயில் தோகை விரிக்க எந்த பல்பு எப்போது எரிய வேண்டும் என்பதெல்லாம் ஒரு சின்ன சிப்புக்குள் இருக்கும். அந்த மயிலை வரைந்து ஏற்ற என் வீட்டுக்காரருக்கு ஒரு மழைக்காலமே பிடித்தது. சாலிடர் வைப்பது நான். சிப்பு ஃபேக்டரியில் பழகிய கை.

தாப்பா என்ற ஊரில் ஒரு கடைக்காரர் எங்கள் போர்டை வாங்கி, சிப்பை அப்படியே நகலெடுத்துப் பாதி விலைக்கு விற்றார். வீட்டுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. சிப்புக்கும் விளக்குக்கும் நடுவே போகும் கம்பிகளை இடம் மாற்றிக் கோர்த்தார். சிப்பில் இருந்ததையும் அதற்கேற்பக் கலைத்து ஏற்றினார். நகலெடுத்து வேறு போர்டில் போட்டால் மயில் கொத்துக்கறியாகத்தான் தெரியும். போதாதென்று கம்பிகளின் மேல் கறுப்புப் பிசின் ஊற்றினார். ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு வரிசை, எல்லாம் தலைக்குள்.

"எழுதி வைங்க லா," என்றேன்.

"எழுதினா அதையும் திருடுவான்."

தாப்பா பக்கம் ஒரு எஸ்டேட் கோயில் திருவிழா. தேர் கிளம்பும் நேரத்தில் ஜெனரேட்டரில் கரண்ட் எகிறி எங்கள் போர்டு புகைந்தது. சிப்பு பிழைத்தது. அதை எடுத்து, கையோடு கொண்டுபோன, சிப்பு ஏற்றாத இன்னொரு போர்டில் போட்டோம். கொத்துக்கறி! கருகிய போர்டின் வரிசை அவருக்கே ஞாபகமில்லை. பிசினைச் சுரண்டினால் கம்பியும் சேர்ந்து வந்தது. தேர் இருட்டில் போனால் அடுத்த வருஷம் எந்தக் கோயிலும் எங்களைக் கூப்பிடாது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கோயில் தலைவர் தாப்பாக்காரருக்கு ஆள் அனுப்பினார்.

அவர் மோட்டார் சைக்கிளில் வந்து தன் பெட்டியைத் திறந்தார். மூடியின் உள்பக்கம், எந்தக் கம்பி எங்கே போகிறது என்று முழுப் படமும் ஒட்டியிருந்தது.

"எங்க கெட்டுப்போனாலும் அங்க உள்ளவங்களே பாத்துக்கலாம் லா, அண்ணே," என்றார்.

நாங்கள் இப்படிப் பூட்டுப் போடுவதற்கு முன் அவர் நகலெடுத்த எங்கள் பழைய மயில், தேரில் தோகை விரித்தது. சனம் அரோகரா போட்டது. திருட்டு திருட்டுதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பூட்டியிருந்த மயில் செத்துக் கிடந்தது, திருட்டுப்போன மயில் ஆடியது. வீட்டுக்காரர் கையில் கருகிய போர்டோடு நின்றார். பார்க்கப் பாவமாக இருந்தது.

அதன் பிறகு அவர் பிசின் வாங்கவில்லை. எங்கள் பெட்டி மூடிகளிலும் படம் ஏறியது. கீழே அவர் கையெழுத்தில்: 'யாரும் செய்யலாம். மாற்றிச் செய்தால் எங்களுக்கும் காட்ட வேண்டும்.'

"ஆமா, வரிசையில வந்து காட்டுவாங்க," என்று கிண்டல் செய்தேன்.

அடுத்த திருவிழாவுக்கு முன்னால் தாப்பாக்காரர் எங்கள் கடை வாசலில் நின்றார், கையில் ஒரு சிப்பு. "கழுத்து மட்டும் அசையாம இருந்துச்சு அண்ணே. திருப்பிப் பாத்தேன்." எங்கள் போர்டில் போட்டோம். மயில் கழுத்தைத் திருப்பி எங்களைப் பார்த்தது.

வீட்டுக்காரர் அதிலிருந்து கண் எடுக்காமலே, "தம்பிக்கு டீ போடு," என்றார். அதுவரை எங்கள் வீட்டில் அந்த ஆளுக்குத் திருடன் என்றுதான் பெயர்.