சந்தனம் இல்லாத மொட்டை

எங்கள் அலுவலகத்தில் யாராவது மொட்டைத் தலையோடு வந்தால் எல்லோரும் வாழ்த்துச் சொல்வார்கள். கலிபோர்னியாவில் இருக்கும் இந்த நிறுவனம், வழுக்கைத் தலையில் முடி நடும் ரோபோவை உருவாக்கிக்கொண்டிருக்கிறது. பின்மண்டையில் இருக்கும் முடியை வேரோடு தோண்டி எடுத்து முன்மண்டையில் ஊன்றுவது அதன் வேலை. ஒவ்வொரு வேரும் எந்தச் சாய்வில் இறங்குகிறது என்று கேமரா பார்க்க வேண்டும் என்பதால் முதலில் முடியை ஒட்ட மழித்துவிடுவார்கள். அப்படி மழித்துக்கொண்டு சோதனைக்கு உட்கார வருகிறவரைக் கண்டதும், வரவேற்பறைப் பெண்ணிலிருந்து காபி எடுக்க வந்தவர் வரை "கங்கிராட்ஸ்!" என்பார்கள். அவரும் பரீட்சையில் தேறியவர்போலச் சிரிப்பார். அந்தக் கேமராவுக்கு மென்பொருள் எழுதுகிறவன் நான். இத்தனை வருடமாகியும் அந்த வாழ்த்து என் வாயில் வந்ததில்லை.

மதுரைக்காரன் ஒரு மொட்டையைப் பார்த்தால் முதலில் சந்தனம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பான். இருந்தால் வேண்டுதல். "எந்தக் கோயிலுண்ணே, அழகர்கோயிலா?" என்று சத்தமாகவே கேட்கலாம். சந்தனமும் இல்லை, மீசையும் இல்லை என்றால் குரலைத் தாழ்த்திக்கொண்டு "யாரு?" என்று மட்டும் கேட்பான். பெரியார் பஸ் நிலையத்தில் முன்பின் தெரியாத ஆள்கூட அப்படிக் கேட்டு, பதில் வந்ததும் உச்சுக் கொட்டிவிட்டுத்தான் பஸ் ஏறுவார். அந்த ஒரு சொல் எவ்வளவு பெரிய விஷயம் என்று ஊரில் இருந்தவரை எனக்குத் தெரியாது.

அப்பா வாடிப்பட்டி டவுன் பஸ்ஸில் கண்டக்டர். கல்யாணமான புதிதிலேயே முன்மண்டை காலியாகிவிட்டதாம். "சொட்டைக் கண்டக்டர்" என்றால்தான் அந்த ரூட்டில் அவரைத் தெரியும். அதற்கு அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. காதுக்குக் காது பின்பக்கமாக ஓடிய அடர்ந்த முடிதான் அவருக்கு மிச்சம். மொபெட்டில் அவர் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போன வருடங்களில் நான் பார்த்ததெல்லாம் அதைத்தான். வலப்பக்கம் சற்றே சப்பையான மண்டை, பிடரியில் இரண்டு மடிப்பு. வெயில் ஏற ஏற அந்த மடிப்புகளில் வேர்வை நிற்கும். அவர் முகத்தைவிட அந்தப் பின்மண்டை எனக்கு நன்றாகத் தெரியும்.

இந்த வேலை கிடைத்ததும் போனில் அவருக்கு இயந்திரத்தைப் பற்றிச் சொன்னேன்.

"கோரிப்பாளையத்துல ஒண்ணக் கொண்டாந்து வைடா. கூட்டம் அள்ளும். டிக்கெட் நான் கிழிக்கிறேன்" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆமா, பின்னால எடுக்குறீகளே, எடுத்த எடத்துல திரும்ப மொளைக்குமா?" என்று கேட்டார்.

"மொளைக்காதுப்பா. சுத்தி இருக்கற முடி மறைச்சுக்கிடும். வெளிய தெரியாது."

"அப்பப் புதுசா ஒண்ணும் வரல. அங்கிட்டு இருந்ததப் பிடுங்கி இங்கிட்டு வச்சிருக்கீக. இதுக்கா இம்புட்டுப் படிச்ச?"

இருவரும் சிரித்தோம். அன்றைக்கு அது வெறும் கேலிதான்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை, கடையில் காய்கறி எடுத்துக்கொண்டிருந்தபோது தம்பி செல்வம் கூப்பிட்டான். "அண்ணே, அப்பா போயிட்டாருண்ணே" என்றான். கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, "எப்பண்ணே வார?" என்று கேட்டான்.

என் விசா புதுப்பிப்பு பாதியில் நின்றிருந்தது. இப்போது வெளியே போனால், திரும்பி வரச் சென்னையில் நேர்காணலுக்குத் தேதி கிடைக்க வேண்டும். அப்படிப் போய் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டு இங்கே வேலையை இழந்தவர்களை எனக்குத் தெரியும். மனைவிக்கு இங்கே வேலை செய்ய அனுமதி கிடையாது. மகள் பள்ளியில் படிக்கிறாள். இதையெல்லாம் செல்வத்திடம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அருவருப்பாக இருந்தது. அப்பா செத்துக் கிடக்கிறார், நான் விசா விதிகளை விளக்கிக்கொண்டிருக்கிறேன்.

"சரிண்ணே. கொள்ளி நான் வச்சுக்கிறேன்" என்றான். "ஆனா மொட்டை மட்டும் நீயும் போட்டுரு. மீசையும் எடுத்துரு. மூத்தவன் முடியோட திரியுறான்னு ஊர்ல ஒரு பேச்சு வந்துரக் கூடாது. அப்பாவுக்குன்னு உன்னால ஆகுறது அது ஒண்ணுதான்."

அந்த ஒன்றையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று வெறியே வந்துவிட்டது. அன்றிரவு குளியலறைக் கண்ணாடியில் போனைச் சாய்த்து வைத்தேன். திரையில் வாடிப்பட்டிச் சுடுகாடு. செல்வம் குத்தவைத்திருக்க, நாவிதர் அவன் தலையில் தண்ணீரைத் தெளித்துக் கத்தியை ஓட்டிக்கொண்டிருந்தார். நானும் அதே நேரத்தில் ரேசரை எடுத்தேன். முன்பக்கம் சுலபமாக வந்துவிட்டது. பின்மண்டைக்குக் கை சரியாக வளையவில்லை. மனைவியைக் கூப்பிட்டேன். புருஷன் தலையில் கத்தி வைக்க மாட்டேன் என்று கதவருகிலேயே நின்று அழுதாள். தடவித் தடவி இழுத்ததில் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டேன். செல்வத்தின் மொட்டை பளபளவென்று இருந்தது. என்னுடையது ஆடு மேய்ந்த காடு மாதிரி இருந்தது. அதற்குள் அங்கே சிதைக்குத் தீ வைத்துவிட்டார்கள்.

திங்கட்கிழமை விடுப்புச் சொல்லிவிட்டுச் செவ்வாய்க்கிழமை அலுவலகம் போனேன். மேசையில் எல்லோரும் கையெழுத்துப் போட்ட இரங்கல் அட்டை இருந்தது. அப்பா இறந்தது அவர்களுக்குத் தெரியும். அட்டையில் கையெழுத்துப் போட்ட அதே ஆட்கள்தான் என் தலையைப் பார்த்து "கங்கிராட்ஸ்!" என்றார்கள். அந்த அட்டைக்கும் இந்தத் தலைக்கும் சம்பந்தம் இருக்கக்கூடும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. யாராவது ஒருத்தர் குரலைத் தாழ்த்திக் கேட்க மாட்டார்களா என்று நடைகூடம் முழுக்க ஏங்கிக்கொண்டே நடந்தேன்.

சோதனைக்கு வருகிறவர்களுக்கு முடி மழிக்கும் நர்ஸ் லிண்டா, என்னைக் கண்டதும் பதறிப்போனாள். "கடவுளே, நீயாகவே செய்துகொண்டாயா? என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார்த்தினாள். என் பிடரியில் கையை வைத்து, ஊர் நாவிதர் அழுத்துவதுபோலவே தலையைக் கீழே அழுத்தினாள். விட்டுப்போன பின்மண்டையை அவள் மழித்தாள். அழுகை தாங்க முடியவில்லை.

"பயப்படாதே, வலிக்கவே வலிக்காது" என்று தோளைத் தட்டினாள். "முதல் நாள் எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும்."

நல்லவள்தான். அதனால்தான் அவளைத் திட்டக்கூட முடியவில்லை.

அப்போது என் மேலாளர் மார்க் உள்ளே வந்தான். "ஆஹா! கறுப்பான தடித்த முடி. இந்த மாதிரித் தலைகள் நம்மிடம் குறைவு. கேமராவுக்கு அடியில் கொஞ்சம் உட்காரேன், படம் மட்டும் எடுத்துக்கொள்கிறோம்."

"மார்க், இது என் அப்பாவுக்காக எடுத்த மொட்டை" என்றேன்.

அவன் நெஞ்சில் கைவைத்துக்கொண்டான். "எவ்வளவு அழகான விஷயம்! புது முடியோடு உன்னைப் பார்த்தால் அவர் பெருமைப்படுவார்."

அதற்கு மேல் விளக்க எனக்குத் தெம்பில்லை. விளக்கினால் வருத்தப்படுவான், மறுபடி எனக்கு ஓர் அட்டை வரும். போய் உட்கார்ந்தேன்.

திரையில் ஒரு பின்மண்டை வந்தது. தன் பின்மண்டையை யாரும் பார்ப்பதில்லை, நானும் அதுவரை பார்த்ததில்லை. வலப்பக்கம் சற்றே சப்பை. பிடரியில் இரண்டு மடிப்பு. மொபெட்டில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அப்பா, கலிபோர்னியாவில் ஒரு கம்ப்யூட்டர் திரையில் இருந்தார். "அப்பா" என்று தமிழில் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. மார்க் "என்ன?" என்றான். அதற்குள் இயந்திரம் தன் வேலையைத் தொடங்கியிருந்தது. நான் எழுதிக்கொடுத்தபடியே ஒவ்வொரு வேரின் மேலும் ஒரு பச்சைப் புள்ளியை வைத்துக்கொண்டு போனது. பச்சை என்றால் எடுக்கலாம் என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு எனக்கு முடி வளர்ந்துவிட்டது. அலுவலகத்தில் இன்னும் சிலர் என் நெற்றியைப் பார்த்து, புதிதாக எதுவும் காணோமே என்று குழம்புகிறார்கள். அப்பாவின் சாம்பலைச் செல்வம் வைகையில் கரைத்துவிட்டான். ஊரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் படத்தில் அப்பாவின் முகம் இருக்கிறது. பின்மண்டை இங்கே இருக்கிறது. கேமரா அன்று எடுத்த படம் மார்க்குக்கு மிகவும் பிடித்துப்போய், இயந்திரத்தைச் சரிபார்க்கும் முதல் படமாக அதையே வைத்துவிட்டான். தினமும் காலையில் நான் பொத்தானை அமுக்கியதும் அப்பா வந்து எனக்கு முதுகைக் காட்டி உட்காருகிறார். பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுகின்றன. எடுத்த இடத்தில் திரும்ப முளைக்குமா என்று கேட்க இப்போது யாரும் இல்லை.