மொட்டைப் பனையில மைனா

பங்குனி பொறந்தா மைனாவுக்குத் திமிரு ஏறிடும். யாரும் சொல்லித் தெரிஞ்சிக்கல, எங்க குடிசைகிட்ட நின்ன மொட்டைப் பனையில கண்ணால பார்த்தேன். உச்சி முறிஞ்ச பனை. ரெண்டு ஆள் உசரத்துல ஒரே ஒரு பொந்து. அதுக்கு மூணு ஜாதிப் பறவை அடிச்சிக்கிச்சு.

மொதல்ல கிளி ஜோடி. பொந்து வாயைக் கொறிச்சு அகலமாக்கி, தலைய நீட்டிக்கினு ஒக்காந்துச்சு. அடுத்து பனங்காடை. குந்தியிருந்தா மண்ணு நெறம், பறந்தா நீலம். மேலேர்ந்து கரணம் போட்டுக்கினு கிளி தலை மேலயே பாயும். கடைசியா வந்த மைனாதான் பலே கில்லாடி. கிளி இரைக்குப் போற நேரம் பார்த்து வைக்கோல், கந்தல், பாம்புச் சட்டைன்னு கெடைச்சதெல்லாம் உள்ளே திணிக்கும். கிளி வந்து இழுத்து வெளியே போடும். இது மறுபடியும் திணிக்கும். ஒண்ணு காலை ஒண்ணு கவ்விக்கினு கீழே மண்ணுல பொரண்டதையும் பார்த்தேன். பத்து நாள்ல பனங்காடை போச்சு, கிளியும் போச்சு.

எல்லாரும் கிளி பக்கம். என் ஓரகத்தி, அதான் என் ஊட்டுக்காரரோட அண்ணன் பொண்டாட்டி, குஞ்சு எடுத்து வளக்கலாம்னு கூண்டே முடைஞ்சு வெச்சிருந்தா. நான் மட்டும் மைனா பக்கம். அழகு கெடையாது, வாய் ஜாஸ்தி, புடிச்ச எடத்தை விடாது. "உன்னைய மாதிரியே கீது"ன்னு என் ஊட்டுக்காரரு சிரிப்பாரு. சிரிக்கட்டுமே, எனக்கு இன்னா?

எழுபதுகளோட ஆரம்பம் அது. கும்மிடிப்பூண்டி பக்கம் கம்பெனிங்க வரப்போவுதுன்னு பேச்சு. நாங்க கூலி வேலை செஞ்ச நெலத்தை மொதலாளி வித்துட்டாரு. அவரு நெலத்துல இருந்த எங்க குடிசைங்களும் போச்சு. ஏழு குடும்பம் ஏரிக்கரைப் பொறம்போக்குல வந்து குந்தினோம். பட்டாவா, பத்திரமா? எங்களுக்குள்ள ஒரே சட்டம், எவ அடுப்பு எரியுதோ எடம் அவளுது. ராவுல நெருப்புக் கங்கைச் சாம்பல்ல மூடிக் காப்பாத்துவோம். அணைய விட்டா வேற யாரு வேணாலும் வந்து பத்த வெச்சிக்கலாம். அடுப்பை நகத்தணும்னா மூணு கல்லு போட்டு அதுல நெருப்பை எறக்கணும். வெறுந்தரையில எறக்கினா அது சாவு ஊட்டு நெருப்பு. அப்புறம் அங்க குடித்தனம் பண்ண விட மாட்டாங்க.

பனை நின்ன மேடு மட்டும்தான் ஐப்பசித் தண்ணி ஏறாத எடம். ஓடிப்போய் மொதல்ல அடுப்பு பத்த வெச்சவ நான். காத்துக்கு மறைவா இருக்கட்டும்னு பனைய ஒட்டி வெச்சேன், புத்தி கெட்டவ. கையில ஆறு மாசக் கொழந்தை. அந்த மேடு போனா அதைத் தண்ணியிலதான் படுக்க வெக்கணும். பள்ளத்துல குடிசை போட்ட ஓரகத்திக்கு என் மேட்டு மேல எப்பவும் ஒரு கண்ணு.

சித்திரையில ஒரு நாள் காலையில ஊட்டுக்காரரு பொன்னேரிக்கு மூட்டை தூக்கப் போயிருந்தாரு. திடீர்னு மைனா ரெண்டும் தொண்டை கிழியக் கத்துது. நிமிர்ந்தா, பொந்து வழியா புகை! அடுப்புச் சூட்டுல பனையோட அடி வெடிச்சு, உள்ளே உளுத்த நாருல கங்கு ஏறியிருக்கு. மேலே குஞ்சுங்க கீச்சு கீச்சுங்குது.

தண்ணிக் குடத்தை எடுத்துட்டேன். ஊத்தினா என் அடுப்பும் சேர்ந்து அணையும். அதுக்குள்ள ஓரகத்தி வந்து நின்னுட்டா, சட்டியில அவ கங்கோட.

"ஊத்துடி, ஊத்து. பாவம் குருவிங்க"ன்னா.

ஆத்திரம் பத்திக்கினு வந்துச்சு. ஒடைஞ்ச சட்டியோட ஓடு ஒண்ணை எடுத்து, அடுப்புலேர்ந்து கங்கை அதுல அள்ளினேன். இடது கையில அதை ஏந்திக்கினு, வலது கையால குடத்தைச் சாய்ச்சு வெடிப்புல தண்ணியைக் கவுத்தேன். புஸ்ஸுன்னு எல்லாம் அணைஞ்சுது, மேலே குஞ்சுங்க கீச்சு மட்டும் நிக்கல.

"அணைஞ்சுது. எடம் எனக்கு"ன்னா அவ.

"நெருப்பு என் கையில கீது. கண்ணு தெரியலயா அக்கா?"

பனைய விட்டுத் தள்ளி அடுப்பு வெக்க, அடுப்புக் கல்லைக் காலால எத்தினேன். மொதல் கல்லு மேட்டோட அந்தக் கோடிக்குப் போச்சு. ரெண்டாவதும் போச்சு. மூணாவது மண்ணுல பொதைஞ்சு கெடக்கு, அசையல. ஓடு காஞ்சு உள்ளங்கையில ஒட்டுது. தோலு பொசுங்கற நாத்தம் எனக்கே வருது.

"கீழ போடுடி!"

"மாட்டேன்."

"கை வேவுதுடி!"

"என் கைதானே? உனக்கு இன்னா?"

அழுதேன். அழுதுக்கினே எத்தினேன். கால் விரல்ல ரத்தம் வந்துச்சு. கையில ஏந்தின ஓட்டை மட்டும் எறக்கல.

"சாவுடி, பிசாசே!"ன்னு கத்திக்கினு சட்டியை வீசி எறிஞ்சா. அவ கங்குதான் வெறுந்தரையில செதறிச்சு. குந்தி, ரெண்டு கையாலயும் மண்ணைப் பறிச்சு, மூணாவது கல்லைப் பேத்து உருட்டிக்கினு போய் அவளே வெச்சா.

கங்கைக் கொட்டி ஊதினேன். புடிச்சிக்கிச்சு.

ஓரகத்தி தன் முந்தானையக் கிழிச்சு என் கையில சுத்தினா, சுத்தும்போதே திட்டினா.

ஐப்பசியில தண்ணி வந்துச்சு. நான் கூப்பிடாமயே அவ ஏறி வந்தா, அவ கேக்காமயே நான் தள்ளிப் படுத்தேன். ஒரே கூரைக்குள்ள ரெண்டு அடுப்பு. வெறகுக்கு சண்டை, பாய்க்கு சண்டை, கொழந்தைய யாரு தூக்கறதுன்னு அதுக்கும் சண்டை. தண்ணி வடிஞ்சப்புறமும் ரெண்டு பேர்ல ஒருத்தியும் எடத்தை விடல.