தலையெண்ணிக்கைக்கு வந்தவர்

பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் அம்மாளுக்கு நாற்பத்தாறு வயதில் படிப்பு ஆசை பிடித்தது. பல்கலைக்கழகத்துக்குப் போய், எந்த ஜன்னலில் கூட்டமே இல்லையோ அங்கே நின்றாள். அது மத்திய ஆசியப் பண்பாடு, வரலாறு பட்டயப் படிப்புக்கான ஜன்னல்.

"குதிரைமேலயே வாழ்ந்தவங்களைப் பத்திப் படிச்சு என்ன கிழிக்கப் போற?" என்றார் குழாய் ரிப்பேர்க்காரரான கணவர்.

"இருபது வருஷமா ஊரார் வாயையே பாத்தாச்சு. கொஞ்சம் உலகத்தையும் பாக்கறேனே."

சனிக்கிழமை வகுப்பு. உடைந்த நாற்காலிகள் அடுக்கிய அறைக்குப் பக்கத்து அறை. மொத்தம் நாலே பேர். பேராசிரியர் அந்த நாட்டுப் புல்வெளியைப் பற்றிப் பேசினால் மின்விசிறி இல்லாமலே காற்றடிக்கும்.

"சார், அங்கெல்லாம் போயிருக்கீங்களா?" என்று ஒருநாள் கேட்டாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு பிளேன்னா பயம்மா."

அன்றைக்கே அவரை அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

மாதம் முடிவதற்குள் சுற்றறிக்கை வந்தது. ஐந்து பேர் சேராத படிப்புக்கு மூடுவிழா. ஒரு வாரம் கெடு. அவள் வீட்டுக்கு வந்து பரண் ஏறி, கணவரின் பள்ளிச் சான்றிதழைத் தூசி தட்டி எடுத்தாள்.

"எனக்கும் படிப்புக்கும் ஏழாம் பொருத்தம்னு உனக்குத் தெரியாதா?"

"படிக்கச் சொன்னேனா? வந்து தூங்குங்க. தலை எண்ணிக்கைக்கு ஒரு தலை வேணும்."

சொன்ன சொல் தவறாமல் இரண்டு வாரம் தூங்கினார். குறட்டை வேறு. அவளுக்கு மானமே போயிற்று. மூன்றாம் வாரம், வறண்ட நிலத்துக்கடியில் அந்தக் காலத்தில் வெட்டிய நீர்க்கால்வாய்களைப் பற்றிப் பாடம். குறட்டை பாதியில் நின்றது.

"சரிவு எவ்வளவு வெச்சாங்க சார்?"

பேராசிரியர் பக்கங்களைப் புரட்டினார். "அது... புத்தகத்துல இல்லையே."

"சரிவு கூடினா தண்ணி மண்ணை அரிச்சிடும். குறைஞ்சா தேங்கிடும். மோட்டார் இல்லாம கொண்டுவந்திருக்கானே, கில்லாடிப்பய!"

எழுந்து போய்க் கரும்பலகை முழுக்கப் படம் போட்டார். பேராசிரியர் மாணவன் இருக்கையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்.

தேர்வு முடிவில் கணவருக்கு எண்பத்தொன்று, அவளுக்கு அறுபத்துநாலு. மூன்று நாள் அவரோடு பேசவில்லை. மறுகூட்டலுக்குப் போட்டாள், இரண்டு மதிப்பெண் குறைந்து வந்தது.

படிப்பு என்னவோ பிழைத்துக்கொண்டது. இப்போது கணவர் முதல் வரிசை. அவள் நேர் பின்னால் பேனாவோடு உட்காருகிறாள், தூங்கினால் குத்துவதற்கு. மனுஷன் கொட்டாவிகூட விடமாட்டேன் என்கிறார்.